அருளப்பனைப் பற்றி ஐந்து நிமிடம்

"மாட்டிக்கிட்டேன்டா லட்சுமணா!" என்றார் கிறிஸ்துராஜ், மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டு.

முகப்பேர் மண்டபத்தில் அவர் மனைவி ஜெயசீலிக்குப் பாராட்டு விழா. ஆவடி குவார்ட்டர்ஸ் வாழ்க்கையை ஒன்பது நாவல்களாக எழுதியவர் ஜெயசீலி. அடுத்து ஐந்து நிமிடம் கணவர் பேச வேண்டும். கணவரோ ஒரு நாவலைக்கூடப் படித்ததில்லை. ஒவ்வொன்று வெளிவந்தபோதும் "பிரமாதம் ஜெயா" என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார். இன்று குட்டு வெளிப்பட்டால் இத்தனை பேர் எதிரில் அவள் மனசு நொறுங்கிப் போகும்.

"நீயாவது படிச்சிருக்கியா?"

"அட்டைப்படம் பார்த்திருக்கேன். இரு, என் பொண்ணு எல்லாத்தையும் படிச்சவ."

லட்சுமணனின் மகள் சௌம்யா ஓடி வந்தாள். "எல்லாக் கதையிலயும் அருளப்பன்னு ஒருத்தர் வருவார் அங்கிள். பொண்டாட்டிக்குக் காய்ச்சல்னு ரசம் வைக்கப் போய், புளிக்குப் பதிலா பேரீச்சம்பழத்தைக் கரைச்சிடுவார். கடைசி வரைக்கும் அது அவருக்கே தெரியாது." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இது போதும்!" கிறிஸ்துராஜ் படியேறினார்.

"இருங்க அங்கிள்! பொண்டாட்டிக்கு ஆபரேஷன் அன்னிக்கு அவங்க செருப்பை மடியில வெச்சுக்கிட்டு ராத்திரி பூரா..."

அதற்குள் அவர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"அருளப்பன் மாதிரி ஒரு மக்கு நம்ம ஆவடியிலேயே கிடையாது!"

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. கிறிஸ்துராஜுக்குத் தெம்பு வந்தது.

"இவனைக் கட்டிக்கிட்டு அந்தப் பொண்ணு எப்படித்தான் குடும்பம் நடத்துறாளோ!"

விசில் பறந்தது. முன்வரிசையில் ஜெயசீலி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அழுகிறாளோ? கதையைத் தப்பாகச் சொல்லித் தொலைத்துவிட்டோமோ? கிறிஸ்துராஜ் பதறிப்போய்ச் சமாளித்தார். "அடுத்த நாவல்ல அவனைச் சாகடிச்சிடு ஜெயா!"

"ஐயையோ, வேணாம்!" கூட்டமே எழுந்து நின்றது.

அவ்வளவுதான். வியர்வையைத் துடைத்தபடி இறங்கி மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். பொய்யைச் சுமக்க அதற்கு மேல் தெம்பில்லை.

"நான் ஒண்ணுமே படிச்சதில்ல ஜெயா. மன்னிச்சிடு."

"தெரியுங்க." ஜெயசீலி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். கணவரின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "தயவுசெஞ்சு இனிமேயும் படிச்சிடாதீங்க."

கிறிஸ்துராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மைக் செட் வீராசாமி, படித்துப் படித்துக் கசங்கிய ஒரு புத்தகத்தோடு வந்து நின்றார். கையெழுத்துப் போட ஜெயசீலி கை நீட்டினார். வீராசாமி புத்தகத்தைக் கிறிஸ்துராஜின் மடியில் வைத்தார்.

"அம்மாகிட்ட அப்பால வாங்கிக்கிறேன். மொதல்ல நீ ஒரு கையெழுத்து போடு, அருளப்பன் சார்!"