வீட்டில் விடமாட்டார்கள்

தார் ரோடே இல்லாத காட்டுப் பாதையில், சைக்கிளிலேயே, ஐந்து நாளில் இருநூற்றெண்பது கிலோமீட்டர் போகப்போவதாக வரைபடக்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை அறிவித்தார். அறிவித்த இடம் நில அளவை அலுவலகத்தின் இரண்டாவது மாடி. அறிவிக்கும்போது வாயில் பாதி பிஸ்கட் இருந்தது. மீதிப் பாதி தேநீரில் முங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பாதைக்கு வரைபடம் போட்டவரே அவர்தான். நாலு மாதம் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் போட்டார். "இந்த வழியில மனுஷன் போவானா?" என்று தலைமை வரைவாளர் கேட்டதுதான் தாமதம், "ஏன், நான் போவேனே!" என்று வாய் முந்திக்கொண்டது. அவர் உடம்பில் வேகமாக ஓடக்கூடியது அது ஒன்றுதான்.

உளறிவிட்டோமே என்று அவர் கவலைப்படவில்லை. எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு கைகண்ட மருந்து இருந்தது. "வீட்ல விடமாட்டேங்கறாங்க." அலுவலகக் கைப்பந்துக் குழுவா? வீட்ல விடமாட்டேங்கறாங்க. ரத்ததானமா? உடனே சட்டைக் கையை மடக்கிவிடுவார். மடக்கியபிறகுதான் ஞாபகம் வந்ததுபோலப் பெருமூச்சு விட்டு, வீட்ல விடமாட்டேங்கறாங்க. தலைமை வரைவாளர் வீடு மாறியபோது பீரோ தூக்க ஒரு கை குறைந்தது. அந்தக் கையும் வீட்டில்தான் இருந்தது. பத்தொன்பது வருடத்தில் இரண்டாவது மாடி முழுவதும் அவருக்காக உருகிப்போயிருந்தது. அவர் மனைவியை அங்கே யாரும் பார்த்ததில்லை. ஆனால் எல்லோருக்கும் அந்த அம்மாளிடம் பயம்.

உண்மையில் அந்த அம்மாள் ஒரு ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டின் தலைமை நர்ஸ். கல்யாணமான நாளிலிருந்து அவள் கணவருக்குப் போட்ட தடை ஒன்றே ஒன்று: ஈரத் துண்டைக் கட்டிலில் போடக்கூடாது. அதையும் அவர் மதித்ததில்லை.

அன்று சாயங்காலம் நிஜமாகவே ஒரு "வேண்டாம்" வாங்கிக்கொள்வதற்காக அவர் விஷயத்தைச் சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாள்?"

"அஞ்சு."

"எப்போ?"

"மாசம் ஒரு தடவைதான் காட்டுக்குள்ள விடுவாங்க. பத்தாம் தேதி."

"போயிட்டு வாங்க."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று கிட்டத்தில் போய் நின்றார்.

"காட்டுப் பாதைடீ."

"காத்து நல்லா இருக்கும்."

"கரடியெல்லாம் இருக்குமாம்."

"இருந்துட்டுப் போகட்டும். அதுக்கு உங்ககிட்ட என்ன வேலை?"

"என் முழங்கால்..." என்று சொல்லி நாலடி நொண்டிக் காட்டினார். எலும்பு வார்டுக்காரியிடம் நொண்டிக் காட்டியது தப்பு. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, காலை மடக்கி, நீட்டி, திருகி, கரண்டிக் காம்பால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள்.

"ஜம்முனு இருக்கு. இவ்வளவு வருஷமா எடுத்து உபயோகிக்கவே இல்லையா, புதுசு மாதிரியே இருக்கு. நீங்க ஆபீஸ்ல லீவு சொல்லிடுங்க. பதிவு பண்றதை நான் பார்த்துக்கறேன்."

சைக்கிள் வாங்கவும் அவளே கூட வந்தாள். அவள் அவரைவிட நாலு விரல் உயரம். கல்யாணப் புகைப்படத்தில் அவர் மட்டும் ஒரு படி மேலே நிற்பார். கடையில் அவள் தேர்ந்தெடுத்த சைக்கிளில் அவரை ஏற்றிப் பார்த்தார்கள். கால் அந்தரத்தில் ஆடியது.

"சாருக்கு எட்டலையேம்மா" என்றார் கடைக்காரர்.

"போகப் போகச் சரியாயிடும்" என்றாள் மனைவி.

"எது? காலா, சைக்கிளா?"

அதற்குள் அவள் மழைக்கோட்டும் கையுறையும் எடுக்கப் போய்விட்டாள். மழைக்கோட்டு அவருக்குக் கணுக்கால்வரை வந்தது. கையுறையில் விரல் முடிந்தபிறகும் துணி மிச்சமிருந்தது. எப்படியும் போகப்போவதில்லை, எந்த அளவாயிருந்தால் என்ன என்று அவரும் விட்டுவிட்டார்.

அதிகாலைப் பயிற்சிக்காக அலாரம் வைத்துக்கொண்டார். அது அடிக்கும்; அவர் அதன் தலையில் அடிப்பார். ஏழு மணிக்கு எழுந்து வாசலுக்கு வந்தால், சைக்கிள் சக்கரமெல்லாம் செம்மண் சேறு. முதல் நாள் அதைப் பார்த்ததும், யாரோ எடுத்துப்போய் ஓட்டிவிட்டு வைத்துவிட்டார்கள் என்று கத்தப்போனார். அப்புறம் நிதானித்தார். சேறு நல்ல சேறு. அதன் பக்கத்தில் கால்சட்டையை மடித்துவிட்டு நின்று ஒரு புகைப்படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினார். இரண்டாவது மாடி அசந்துபோயிற்று. அதிலிருந்து தினம் ஒரு படம். "சைக்கிளை யாரும் கழுவக்கூடாது!" என்று வீட்டில் உத்தரவே போட்டார்.

"நான் ஏன் கழுவப்போறேன்?" என்றாள் மனைவி, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே. தான் எழுவதற்குள் அவள் குளித்துவிடுவது அவருக்கு ஒரு புது விஷயமாகக்கூடப் படவில்லை.

நாள் நெருங்க நெருங்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பாதையை உலகத்திலேயே நன்றாக அறிந்தவர் அவர். வரைபடத்தில் மலை ஏற ஏறக் கோடு போடவேண்டும். கோடுகள் நெருங்கினால் ஏற்றம் செங்குத்து என்று அர்த்தம். மூன்றாம் நாள் பாதையில் கோடுகளுக்கு நடுவே பென்சில் முனை நுழைய இடமில்லாமல் அவர் திண்டாடியிருக்கிறார். பென்சிலுக்கே அந்தக் கதி.

ஒன்பதாம் தேதி சாயங்காலம் மனுஷன் இறங்கி வந்தார்.

"இந்தா, போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

"நான் ஏன் சொல்லணும்?"

"நீ சொன்னா நான் கேப்பேன்."

"ஈரத் துண்டு?"

அவர் கட்டிலைப் பார்த்தார். துண்டு அங்கேதான் இருந்தது.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார் கடைசியில். "மூணாவது நாள் ஏத்தத்துல என்னால முடியாது."

"அதை ஆபீஸ்ல சொல்லுங்க."

"எப்படிச் சொல்றது? நீ விடலைன்னாதான் நம்புவாங்க."

"நம்புவாங்க. அது எனக்கு நல்லாத் தெரியும்." மனைவி அவர் எதிரில் உட்கார்ந்தாள். "உங்க தலைமை வரைவாளரோட மாமியார் ரெண்டு மாசம் முன்னாடி எங்க வார்டுலதான் இருந்தாங்க. இடுப்பெலும்பு. நான் யார் வீட்டுக்காரின்னு தெரிஞ்சதும் நான் குடுத்த மாத்திரையை முழுங்கவே பயந்தாங்க. வீட்டுக்குப் போற அன்னிக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அந்தப் பிள்ளையை ஏம்மா இப்படி அடைச்சு வைக்கறே'ன்னு அழுதாங்க. ரத்தம் குடுக்கக்கூட விடமாட்டேனாமே நான்? ஆஸ்பத்திரியில வேலை பார்க்கறவ! எனக்கு எவ்வளவு வருத்தமா இருந்தது தெரியுமா?"

அவருக்குக் காது இரண்டும் சுட்டன. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தார். "அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க?" என்று வந்தது.

"நடக்கறாங்க. சரி, நீங்க போகவேணாம். நான் போறேன்."

"நீயா?"

"நானேதான். ஒருத்தராவது வீட்டைப் பார்த்துக்கணுமேன்னு நீங்க ஆபீஸ்ல சொல்லிக்கோங்க."

அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. முதல் மேட்டிலேயே திரும்பி வந்துவிடுவாள், பேச்சும் அதோடு முடிந்துவிடும் என்று மனசுக்குள் ஒரு கணக்கும் போட்டார். "உன் ஆசைக்கு நான் எப்பவாவது குறுக்கே நின்னிருக்கேனா?" என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

காலையில் மழைக்கோட்டு அவளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. கையுறை விரல் விரலாகப் பொருந்தியது. பதிவுச் சீட்டில் ஆரம்பத்திலிருந்தே அவள் பெயர்தான் இருந்தது. தினம் ஏறுகிறவள்போலச் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல் கையை ஆட்டிவிட்டுப் போனாள். ஒரு மாதமாகத் தான் அலுவலகத்துக்கு அனுப்பியது யாருடைய சேறு என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

லீவை ரத்து செய்துவிட்டு அலுவலகத்துக்குப் போனார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் மாடிப்படி ஏறினார். முதல் மாடிவரை அந்த எண்ணம் இருந்தது.

"என்ன சார், போகலையா?"

"வீட்ல... அவங்க போகணும்னாங்க."

இரண்டாவது மாடி கொதித்துப்போயிற்று. "அநியாயம்! சைக்கிளையும் பிடுங்கிக்கிட்டாங்களா?" என்று யாரோ ஒருவர் தன் பிஸ்கட்டையும் இவரிடம் நீட்டினார். வரைபடக்காரர் அதை வாங்கித் தின்றார்.

முதல் மேட்டில் அவள் திரும்பவில்லை. இரண்டாம் நாளும் திரும்பவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், எல்லோரும் வரைபடத்தைச் சுற்றி நின்றுகொண்டிருக்கும்போது அவளிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னார்கள்.

"ஏத்தம் முடிஞ்சுடுச்சுங்க. உச்சியில இருக்கேன். இங்க ஒரு ஓடை இருக்கு. உங்க மேப்புல அது இல்லையே?"

"அங்க ஓடையே கிடையாதே! நாலு மாசம் உட்கார்ந்து போட்ட மேப்பு அது."

"அப்படியா? முழங்கால் ஆழம். அதுலதான் நிக்கறேன்."

தலைமை வரைவாளர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் வந்ததும் அலுவலகத்துக்கு ஒரு நடை வரமுடியுமா என்று மிகவும் பணிவாகக் கேட்கச் சொன்னார்.

அடுத்த வாரம் வந்தாள். முகம் கறுத்து, முழங்கையில் ஒரு சிராய்ப்போடு, சிரித்த முகமாக. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். இரண்டு பேர் பீரோவுக்குப் பின்னால் நின்றார்கள். அவள் நீலப் பென்சிலை வாங்கி, ஓடை எங்கே தொடங்குகிறது, எந்த வளைவில் பாதையை வெட்டுகிறது என்று போட்டுக் காட்டினாள். தலைமை வரைவாளர் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையோடு கொஞ்சம் தைரியத்தையும் வரவழைத்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. சாரையும் ஒரு தடவை நீங்க விட்டிருக்கலாம். ஒரு மாசம் விடியக்காலையில எழுந்து பயிற்சி எடுத்தார். சேத்தையெல்லாம் நாங்களே பார்த்தோம்."

வரைபடக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மனைவியைப் பார்த்தார். பத்தொன்பது வருடத்துப் பெருமூச்சும் அந்த ஒரு பார்வையில் கெஞ்சியது. அவள் நீலப் பென்சிலை மேஜையில் வைத்தாள்.

"வாஸ்தவம்தாங்க" என்றாள். "நான்தான் விடலை."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எப்பேர்ப்பட்டவள் என்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஈரத் துண்டை இனி ஜென்மத்துக்கும் கட்டிலில் போடுவதில்லை என்று அங்கேயே சத்தியம் செய்துகொண்டார்.

"அப்புறம் இவர் ஏங்கிப் போனதைப் பார்க்க எனக்கே பொறுக்கலை" என்று அவள் தொடர்ந்தாள். "அதனால அடுத்த மாசம் பத்தாம் தேதிக்குப் பதிவு பண்ணிட்டேன். இந்தத் தடவை இவர் பேர்லயே. லீவு லெட்டரும் கையோட எழுதிக் கொண்டுவந்திருக்கேன்."

தலைமை வரைவாளர் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். பீரோவுக்குப் பின்னாலிருந்து கைதட்டல் ஆரம்பித்து மாடி முழுவதும் பரவியது. யாரோ வரைபடக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"ஆனா அந்தச் சைக்கிள்..." என்றார் அவர், கட்டிப்பிடித்த கைகளுக்குள்ளிருந்து. "எனக்குக் கால் எட்டாதே..."

"உங்க உயரத்துக்கு ஒண்ணு வாங்கிக் கீழ நிறுத்தியிருக்கேங்க" என்றாள் மனைவி. "சாயங்காலம் அதுலயே வீட்டுக்கு வந்துடுங்க."