புளி போட்டுக் கழுவிய புத்தகம்

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது ஐந்து, பேரப்பிள்ளைகளையும் சேர்த்தால் வளர்த்தது ஒன்பது. இத்தனை பேரைக் குளிப்பாட்டி எடுத்த ஒருத்திக்கு ஒரு வியாதி வரும். கையில் கிடைக்கிற எதையும் கழுவாமல் கீழே வைக்க மனம் வராது. அந்த வியாதியால் எங்கள் சம்பந்தியம்மாவின் கண்ணை நான் பிடுங்கிய கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். (பயப்பட வேண்டாம், உண்மையான கண் இல்லை. ஆனால் அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை அதற்குக் குறைவாக இருக்கவில்லை.)

நான் கடல் கடந்து வந்து, பிரெஞ்சு பேசுகிற இந்தப் பனி ஊரில், கர்க்லாண்ட் என்ற இடத்தில் கடைசி மகன் ரூபனோடு இருக்கிறேன். மருமகள் தர்சி. அவர்களுக்கு ஒரே மகள், அபி. தர்சியின் தாயார்தான் திலகம் ரீச்சர். யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவர். கதைக்கும்போதே முற்றுப்புள்ளி வைத்துக் கதைப்பார். அவருக்கு முன்னால் நான் வாயைத் திறந்தால், யாரோ சிவப்புப் பேனாவோடு என் பக்கத்தில் வந்து நிற்பது போலிருக்கும். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எழுத்துத் தெரியும், எழுத்துக் கூட்டத் தெரியும், கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அதனால் ரீச்சருக்கு முன்னால் சமையலிலும் சாமி காரியத்திலும் நான் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

ரீச்சர் இல்-பிசாரில் தனி வீட்டில் இருந்தார். ஒரு சுவர் முழுக்கப் புத்தகம். கண் பார்வை குறையக் குறைய, பஸ்ஸும் ஒழுங்காக வராத அந்த இடத்தில் தனியே இருக்க முடியாமல், வீட்டை விற்றுவிட்டு நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு சின்ன அப்பார்ட்மெண்டுக்கு வந்தார். புத்தகங்களை எல்லாம் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார். கணவர் வாங்கிக் கொடுத்த ஒரு தடித்த நாவலை மட்டும் வைத்துக்கொண்டார். அதையும் வாசிக்க முடியாது, எழுத்து அவ்வளவு பொடி. தர்சி அவருக்கு ஒரு ஈ-ரீடர் வாங்கிக் கொடுத்தாள். அதை அவர் முதன்முதலில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"இதென்ன ரீச்சர், சிலேட் மாதிரிக் கிடக்கு?"

"நான் குடுத்த புத்தகம் முக்கால்வாசியும் இதுக்குள்ள கிடக்கு, மகேசக்கா. எழுத்தை விரலால இப்பிடிப் பெருப்பிக்கலாம். பாருங்கோ."

பார்த்தேன். 'அ' என்ற எழுத்து உளுந்து வடை அளவுக்கு வீங்கி வந்தது. எனக்கு ஆச்சரியம்தான். ஆனால் காட்டிக்கொள்ளலாமா?

"தாள் எங்க?"

"தாள் இல்லை."

"தாள் இல்லாட்டி அது எப்பிடிப் புத்தகம்? இது சிலேட்தான்."

ரீச்சர் சிரித்துவிட்டு, "சரி, சிலேட்தான்" என்றார். (படித்த ஒருவரை நான் வாதத்தில் வென்றது அதுதான் முதல் தடவை. அந்த வெற்றிதான் என்னைக் கெடுத்தது.)

அந்த வருடம் சரஸ்வதி பூசை வந்தது. ரீச்சர் முதல் நாளே வந்து தங்கிவிட்டார். நான் கும்பம் வைத்து, அவலும் கடலையும் எடுத்து வைத்துவிட்டு, "புத்தகங்களைக் கொண்டு வாங்கோ, அடுக்குவம்" என்றேன். வீட்டில் ஒரு அசைவும் இல்லை. அப்போதுதான் தெரிந்தது, எங்கள் வீட்டில் புத்தகமே கிடையாது. அபியின் புத்தகங்கள் பள்ளிக்கூட லொக்கரில். தர்சி எல்லா இடமும் தேடி, சலவை இயந்திரத்தோடு வந்த பிரெஞ்சுப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"சரஸ்வதிக்கு முன்னால உடுப்புத் தோய்க்கிற புத்தகமோ?" என்று நான் சத்தம் போட்டேன். "எதில படிக்கிறியளோ அதைக் கொண்டு வாங்கோ எல்லாரும்!"

ரூபன் லப்டொப்பைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு, "எனக்கு மீட்டிங் இருக்கு அம்மா" என்று பேஸ்மெண்டுக்கு இறங்கிவிட்டான். அபி தன் டாப்லெட்டின் மேல் ஏறி உட்கார்ந்தாள். ரீச்சர் மட்டும் எழுந்து வந்தார். சிவப்பு உறை போட்ட அந்த ஈ-ரீடரை இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் தந்தார்.

"இப்ப இதுதான் என்ர கண், அக்கா. வையுங்கோ."

நானும் இரண்டு கையாலும்தான் வாங்கினேன். அதுவரை பிழை ஒன்றும் இல்லை.

உறையைக் கழற்றிப் பார்த்தேன். கண்ணாடி முழுக்க விரல் அடையாளம். ஓரத்தில் பிஸ்கட் தூள். இதையா அம்பாளுக்கு முன்னால் வைப்பது? சமையலறையில் குத்துவிளக்கும் தாம்பாளமும் புளி போட்டுத் தேய்க்கத் தயாராகக் கிடந்தன. நான் யோசிக்காமல் செய்யவில்லை, நன்றாகவே யோசித்தேன். தாள் என்றால் தண்ணீர் ஆகாது, அது எனக்குத் தெரியாதா? ஆனால் இது தாள் இல்லை, சிலேட். ரீச்சரே ஒப்புக்கொண்டுவிட்டார். சிலேட் விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இரண்டாம் வகுப்பில் நான் திறமாகச் செய்தது அது ஒன்றுதான். கரியும் கோவையிலையும் போட்டுத் தேய்த்து, என் சிலேட் முகம் பார்க்கிற கண்ணாடி போல மினுங்கும். வாத்தியார் அதை வகுப்புக்கே தூக்கிக் காட்டியிருக்கிறார். (அதில் எழுதியிருந்ததைக் காட்டவில்லை. எழுத எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.)

புளியால் தேய்த்தேன். குழாயின் கீழ் பிடித்து அலசினேன். முன்பக்கம், பின்பக்கம், அடியில் இருந்த ஒரு சின்ன ஓட்டை, அதையும் விடவில்லை. அதிசயம் என்னவென்றால், கழுவக் கழுவ அதில் இருந்த எழுத்து அழியவே இல்லை. 'எவ்வளவு நல்ல சிலேட்' என்று மனதுக்குள் மெச்சினேன். துடைத்து, நான் வழக்கமாக வடகம் காயவைக்கும் சுவரோரத்து ஹீட்டரின் மேல் கொஞ்ச நேரம் வைத்தேன். பிறகு நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம், ஓரத்தில் ஒரு செவ்வந்திப் பூ. பூசை அமோகமாக நடந்தது. ரீச்சரே, "வடிவாச் செய்திருக்கிறியள், அக்கா" என்றார். எனக்குத் தலை கூரையில் இடித்தது.

மறுநாள் விஜயதசமி. காலையில் குளித்துவிட்டு, வைத்த புத்தகத்தை எடுத்து ஆளுக்கு நாலு வரி வாசிக்க வேண்டும். ரீச்சர் சந்தனத்தைத் துடைத்துவிட்டு ஈ-ரீடரை முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். பட்டனை அமத்தினார். அதே பக்கம். திருப்பியும் அமத்தினார். அதே பக்கம். சரித்துப் பார்த்தார், கண்ணாடிக்கு உள்ளே ஒரு துளி தண்ணீர் மெல்ல நடந்து அடுத்த கரைக்குப் போனது. அபி மூக்கைக் கிட்டக் கொண்டுபோனாள்.

"அம்மம்மா, உங்கட புத்தகம் ரசம் மணக்குது!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மாமி, என்ன செய்தனீங்கள்?" என்றாள் தர்சி.

"கழுவினனான்."

"எதால?"

"புளியால."

ரூபன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சவர்க்காரம் போடேல்லத்தானே அம்மா?" என்றான்.

"சாமிச் சாமானுக்கு ஆரடா சவர்க்காரம் போடுவினம்?" என்று நான் பெருமையாகவே சொன்னேன். அவன் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு பாத்ரூமுக்குள் போனான். உள்ளே இருந்து கேட்டது அழுகையா சிரிப்பா என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ரீச்சர் சிரிக்கவில்லை. ஏசவும் இல்லை. அந்தச் செத்த பலகையை மடியில் வைத்துக்கொண்டு, முற்றுப்புள்ளி இல்லாத குரலில், "அப்ப இனி நான் என்னத்தை வாசிக்கிறது" என்றார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. புதியது ஒன்று வருவதற்கு நாளாகும் என்றார்கள். நான் மோதகம் அவித்து எடுத்துக்கொண்டு, பஸ் மாறி ஏறி, ரீச்சரின் அப்பார்ட்மெண்டுக்குப் போனேன். அவர் ஜன்னலுக்குப் பக்கத்தில் வெறுங்கையோடு இருந்தார்.

"பகல் முழுக்க என்ன செய்யிறியள், ரீச்சர்?"

"சுவரைப் பாக்கிறன். அதில எழுத்தில்லை." பிறகு மேசையில் கிடந்த அந்தத் தடித்த நாவலைக் காட்டினார். "அதை எடுத்து ஒரு பக்கம் வாசியுங்கோவன், அக்கா. நான் கேக்கிறன்."

தூக்கினேன். செங்கல் பாரம். திறந்தேன். எறும்புப் புற்றைக் கிண்டிவிட்டது போல எழுத்துகள். உடனே மூடினேன்.

"கண்ணாடி கொண்டுவரேல்ல, ரீச்சர்."

"மூக்கில கிடக்கிறது என்ன?"

பார்வை குறைந்தாலும் ரீச்சர் ரீச்சர்தான். இனி மறைத்து என்ன? இரண்டாம் வகுப்புக்கு மேல் நான் போகவில்லை என்று சொன்னேன்.

"அந்த ரெண்டு வருசத்தில என்ன படிச்சனீங்கள்?"

"சிலேட் கழுவப் படிச்சன்."

ரீச்சர் ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு சிரித்தார் பாருங்கள், இருந்த கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். மோதகம் முழுவதையும் நாங்கள் இருவருமே முடித்தோம்.

புதிய ஈ-ரீடர் வந்தது. அதற்குள் பழையதும், ரூபன் அரிசிக்குள் புதைத்து வைத்ததாலோ அம்பாள் இரங்கியதாலோ, ஒருநாள் தானாக உயிர்த்துவிட்டது. ஒரு மூலையில் மட்டும் ரச நிறத்தில் ஒரு கறை. ரீச்சர் அதை என்னிடம் தந்தார். "கழுவினவைக்குத்தான் சொந்தம். வியாழக்கிழமையில வாங்கோ" என்றார்.

எழுத்தை முழுப் பெருப்பில் வைத்துத் தந்தார். ஒரு பக்கத்துக்கு நாலே நாலு வரி. நாலு வரியைப் பார்த்துப் பயப்பட என்ன இருக்கிறது? கதையில் ஒரு பெண் பெட்டியோடு ரயில் மேடையில் நிற்கிறாள். அவள் ரயில் ஏற எனக்கு ஒரு மாதம் எடுத்தது. (அந்த ரயிலுக்கு என்ன பொறுமை!) ரூபன் வேலையால் வந்ததும் வராததுமாக, "அம்மா, அவ ஏறிட்டாவோ?" என்று கேட்பான். நான் தடக்கிய இடத்தில் ரீச்சர் திருத்துவார். சில இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பனி கொட்டத் தொடங்கியபோது அந்தப் பெண் கல்யாணம் கட்டினாள். பனி கரைந்தபோது பஸ்ஸில் இருந்தபடியே வாசித்து, இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தவறவிட்டேன். அவளுக்குப் பேரப்பிள்ளை பிறந்த வியாழக்கிழமை, பக்கத்தைத் தள்ளினேன். அடுத்த பக்கம் வரவில்லை.

"ஐயோ ரீச்சர், திரும்பப் பழுதாப் போச்சு!"

"பழுதாகேல்ல, அக்கா. முடிஞ்சு போச்சு."

அவர் எழுந்து போய் அந்தச் செங்கல் நாவலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். முதல் பக்கத்தைத் திறந்தேன். எறும்புகளுக்கு நடுவில், பெட்டியோடு ரயில் மேடையில் நின்றாள் அவள்.

இவ்வளவையுமா நான் வாசித்தேன்? இந்தத் தடிப்பை முதலிலேயே காட்டியிருந்தால் சத்தியமாகத் தொட்டிருக்க மாட்டேன். தாள் புத்தகம் தன் உடம்பைக் காட்டி என்னைப் போன்ற ஆட்களை வாசலிலேயே துரத்திவிடும். சிலேட்டுக்கு அந்தக் குணம் இல்லை. நாலு வரி காட்டும். முடித்தால் இன்னும் நாலு. ஆனாலும் அந்தப் புத்தகத்தின் பாரம் மடியில் இருந்தபோது எனக்கு ஒரு பெருமை வந்தது. அது சிலேட்டில் வராது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது சரஸ்வதி பூசைக்கு எங்கள் வீட்டில் அந்தச் செங்கல்தான் நடுவில். சிலேட்டும் பக்கத்தில் இருக்கும், உறையோடு, உறையின் மேல் ஒரே ஒரு பொட்டுக் குங்குமத்தோடு. நான் புளியைக் கரைக்கத் தொடங்கினால் வீட்டில் உள்ள போன்கள் எல்லாம் மாடிக்கு ஓடிவிடும். லப்டொப் மெதுவாக வேலை செய்தால் ரூபன், "அம்மா, கொஞ்சம் புளி இருக்கோ?" என்று கூப்பிடுவான். வீட்டுக்கு வருகிற புது ஆட்களுக்குத் தேத்தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கதையைக் கொடுத்துவிடுவார்கள்.

மற்றவர்கள் சொல்லும்போது நான் வீடு கூட்டுகிற தும்புத்தடியாலும் தேய்த்ததாகச் சேர்த்துச் சொல்கிறார்கள். அதனால்தான் சரியானதை நானே என் கையால் எழுதினேன். அபி அதைத் தன் டாப்லெட்டில் ஏற்றி வைத்திருக்கிறாள். அவள் தமிழைக் கொஞ்சம் பிரெஞ்சு மூக்கால்தான் வாசிப்பாள், பரவாயில்லை.

அபி, இஞ்ச வா. முதலில இருந்து வாசி, கேப்பம். பொறு, பொறு... அந்தத் தேத்தண்ணிக் கோப்பையை அங்கால வைச்சிட்டு வாசி, பிள்ளை.