மின்சார மோட்டாருக்கு விரித்த பாய்

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.
18-8-1913

கிள்ளானில் குடியிருக்கும் என் அன்புள்ள அக்காள் புஷ்பவல்லிக்கு,

தங்கை சீதாலெட்சுமி இரு கை கூப்பி எழுதுவது. நீயும் அத்தானும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இவ்விடம் அப்பா, அம்மா, பக்கிரிசாமி சித்தப்பா, நான், அப்பா ஏலத்தில் எடுத்த மின்சார மோட்டார் ஆகிய ஐவரில் மோட்டார் மட்டும் சௌக்கியம் என்று எழுதியிருப்பேன். அதுவும் நேற்று மாட்டைக் கட்டி இழுத்துத்தான் வீடு வந்தது.

நேற்று என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். உங்கள் ஊர்த் துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் அய்யாவுதான் மாப்பிள்ளை. உன் கல்யாணப் பந்தியில் நான் இலை போட மறந்து நேராகச் சோற்றோடு போய் நின்றபோது, சிரிக்காமல் இரண்டு கைகளையும் ஏந்தினாரே, அவரேதான். இந்த இடம் அமைய வேண்டும் என்று எனக்குள்ள ஆசை உனக்கு மட்டுமே தெரியும். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை, அப்பாவிடம் சொல்லக் காலே வரவில்லை. அதையெல்லாம் ஒரு பாயை விரித்து நானே கெடுத்துக்கொண்டேன்.

சம்பந்தி வீட்டாரை ஸ்டேஷனிலிருந்து மோட்டாரில்தான் அழைத்து வரவேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். அது ஈயச் சுரங்கத் துரைசானி சீமைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன வண்டி. எண்ணெய் வேண்டாம், முன்னால் நின்று சுற்ற வேண்டாம், சத்தமும் கிடையாது. ஆசனத்துக்கு அடியில் பாட்டரிப் பெட்டிகள் இருக்கின்றன, அவற்றுக்கு ஐஸ் கம்பெனியில் மின்சாரம் ஏற்றி வருவார்கள். தரையில் விரிக்க மட்டும் ஒன்றுமில்லை. "உனக்காக ஓடுற வண்டி, நீயே பாத்து விரி" என்று அப்பா சொல்லிவிட்டார். முதலில் பாசார்ச் சந்தையில் தேங்காய் நார் மிதியடி வாங்கினோம். அம்மா ஏறிப் பார்த்தாள், கால் மெட்டி நாரில் மாட்டிக்கொண்டது. பாதி உடம்பு வண்டியிலும் பாதி தெருவிலுமாக அவள் நிற்க, சித்தப்பா பாக்குவெட்டியால் அறுத்து மீட்டார். அடுத்தது ஜமுக்காளம். பாட்டரித் திராவகம் கசிந்து இரண்டே நாளில் அது சல்லடையாகிவிட்டது, கூடவே சித்தப்பாவின் வேட்டியும். ஐஸ் கம்பெனிச் சீனர் ரப்பர்தான் திராவகத்துக்குத் தாங்கும் என்றார். சரியென்று செமினித் தோட்டத்திலிருந்து ரப்பர் ஷீட் வந்தது. வெயில் ஏறியதும் வண்டி முழுவதும் ரப்பர் உலர்த்தும் புகைக்கொட்டகை நாற்றம். அப்பா இறங்கியபோது ரப்பரும் அவர் காலோடு இறங்கியது.

அப்போதுதான், அக்கா, என் புத்தி வேலை செய்தது. தாழை ஓலையில் மலாய்க்காரப் பெண்கள் பின்னும் மெங்குவாங் பாய் ஒன்றை அவர்கள் குடியிருக்கும் கம்பத்துக்கே போய் வாங்கி வந்தேன். சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்ட பாய். நாற்றமில்லை, மெட்டி மாட்டாது, திராவகம் பட்டால் மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் எல்லோரும் மெச்சினார்கள். பாயைக் கண்டால் நம்மவர்கள் என்ன செய்வார்கள் என்பதை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை.

சித்தப்பாதான் வண்டியை ஓட்டிப் போனார். ஸ்டேஷனில் அய்யாவுவின் அம்மா நல்லம்மாள் புதுச் சிங்கப்பூர்ச் செருப்பைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பாயில் கால் வைத்திருக்கிறார். அதைப் பார்த்து அவருடைய தம்பி தம்புசாமியும் கழற்றினார், மாப்பிள்ளையும் கழற்றினார். மூன்று ஜோடியும் வரிசையாக இருக்க, உட்கார்ந்தபின் குனிந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார்கள். வண்டிதான் சத்தமே போடாதே! கிளம்பியது தெரிவதற்குள் பாதி வழி வந்துவிட்டார்கள். நம் வாசல் சரளையோ உச்சி வெயிலில் கொதித்துக்கிடந்தது. முதலில் இறங்கிய தம்புசாமி ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே, "பொண்ணு பாக்கக் கூப்பிட்டீங்களா, தீ மிதிக்கக் கூப்பிட்டீங்களா?" என்று கத்தினார்.

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். "நான் என்னண்ணே செய்ய? குதிரையா இருந்தா கனைச்சிருக்கும், இது கமுக்கமா கிளம்பிருச்சு" என்றார் சித்தப்பா.

"பாய் மேல செருப்போட ஏறுனா மரியாதை இல்லன்னு கழட்டுனேன். அந்த மரியாதைக்கு நல்லா கவனிச்சீங்க" என்றார் நல்லம்மாள். நான் கேசரித் தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். பாய் என் யோசனை என்று சொல்ல நினைத்தேன், ஆனால் தட்டோடு அடுப்படிக்கே திரும்பிவிட்டேன். செருப்பை எடுத்து வருகிறேன் என்று சித்தப்பா வண்டியோடு பறந்தார். அவர் திரும்புமுன் இவர்கள் கை நனைக்காமலே ரிக்ஷா பிடித்து வேறு வழியாக ஸ்டேஷனுக்குப் போய், வெறுங்காலோடு ரயிலேறிவிட்டார்கள். சித்தப்பா செருப்புகளை மடியில் வைத்துக்கொண்டு திரும்பும்போது வழியில் மின்சாரம் தீர்ந்து, முன்னே மாடு, பின்னே மோட்டாராக விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார். கை நனைக்காமல் போனால் இடம் முடிந்த மாதிரிதான் என்று அம்மா அழுகிறாள்.

ஆகையால் அக்கா, மூன்று ஜோடிச் செருப்பையும் சாக்கில் கட்டி இக்கடிதத்தோடு அனுப்புகிறேன். நீ நேரில் போய் நல்லம்மாளிடம் கொடுத்து, பாய் அப்பாவின் யோசனை, சீதாவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடு. அப்பா ஏற்கெனவே திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார், இன்னும் ஒன்று கூடினால் தெரியாது.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டு வாசலில் சரளை இல்லாதிருக்க முருகன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை
சீதாலெட்சுமி

பின்குறிப்பு: அக்கா, சாக்கு வராது. நீ எங்கும் போக வேண்டாம், பொய்யும் சொல்ல வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போது அய்யாவு செருப்புக் கேட்டுத் தனியாக வந்து நின்றார். அப்பா அறைக்குள் சட்டை தேட, நான் கதவுக்குப் பின்னாலிருந்து, "பாய் விரிச்சது நான்தான்" என்று சொல்லிவிட்டேன். "நல்ல பாய்தான். எனக்கே மிதிக்க மனசு வரலையே" என்றார். அம்மாவுடைய ஜோடியையும் மாமாவுடைய ஜோடியையும் எடுத்துக்கொண்டார். தம்முடையதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, "இன்னொன்னு இங்கயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை அம்மாவ கூட்டிக்கிட்டு வந்து எடுத்துக்கிறேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா அந்த ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இது சம்மதமா இல்லையா என்று அம்மாவை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்குத் தெரியும், ஆனால் நான் எப்படிச் சொல்வது? நீயே அப்பாவுக்கு ஒரு வரி எழுதிவிடு.