கடைசிப் பசியாளர்

பசியை ஒழிப்பது என்ன, கொசு அடிப்பது போன்ற காரியமா? அதற்கு முதலில் ஓர் அலுவலகம் வேண்டும். அலுவலகத்துக்கு ஒரு மேலாளர், மேலாளருக்கு ஒரு சுழல் நாற்காலி. இவ்வளவும் குறைவில்லாமல் அமைந்த பிறகுதான் அந்த நகரத்தில் ‘பசிநீக்க நிலையம்’ கதவைத் திறந்தது.

மெத்தைக்காரர் துணிப்பையோடு போய் வரிசையில் நின்றார். பஞ்சு அடைத்து மெத்தை தைப்பது அவர் தொழில். கடையில் சுருட்டி விற்கும் மெத்தைக்கு எல்லோரும் மாறிவிட்டதால் அவருடைய ஊசிக்கு வேலையில்லை. வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அந்தப் பை நிறைந்து வருமென்று காத்திருந்தார்கள்.

வரிசைக்கு எதிர்ப்பக்கம் தொண்டர்களின் சட்டையால் ஒரே மஞ்சள் மயம். அந்த வருடம் தொண்டு செய்வது நாகரிகமாகிவிட்டிருந்தது. மஞ்சள் சட்டை போட்டுப் படம் எடுக்காத மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கவே யோசித்தார்கள். ஆகவே ஓர் அரிசி மூட்டையைத் தூக்கப் பன்னிரண்டு பேர், தூக்கியதைப் பாராட்ட இன்னும் அதிகம் பேர். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். இங்கே மதியம் வந்ததும் முதலில் பறந்தவை சாப்பாட்டுப் பொட்டலங்கள். எல்லாம் தொண்டர்களுக்கே சரியாகப் போயிற்று.

“அப்போ எங்களுக்கு?” என்றார் மெத்தைக்காரர்.

மேலாளர் மனம் நொந்துபோனார். “ஏங்க, உங்க பசிக்காகத்தான் அவங்க வெயில்ல நின்னு பாடுபடுறாங்க. அவங்களைப் பட்டினி போடச் சொல்றீங்களா? உங்களுக்கே நியாயமா இருக்கா?”

நியாயமாக இல்லைதான். மெத்தைக்காரர் வெட்கப்பட்டுப் பையை மடித்துக்கொண்டு வீடு திரும்பினார். பிள்ளைகள் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார்கள்.

அடுத்த வாரம் அவர் எதிர்ப்பக்கம் போய் நின்றார்.

“தொண்டரா சேரணும் சார்.”

“பசித் துறையில முன் அனுபவம் இருக்கா?”

“ரெண்டு வருஷமா அதேதான் சார்.”

“அடடா, உங்களை மாதிரி ஆளைத்தான் தேடிட்டிருக்கோம்!”

‘சட்டை இல்லாதவங்களுக்குப் பொட்டலம் கிடையாது’ என்ற மேலாளரின் எச்சரிக்கையோடு சட்டை கிடைத்தது. பொட்டலம் கிடைத்தது. தொண்டர் குடும்பத்துக்கென்று தனிப் பொட்டலமும் கிடைத்தது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? செய்தி தெருவெங்கும் பரவியது. எதிர்வீட்டுச் சலவைக்காரம்மா வந்து சட்டை மாட்டினார். கொத்தனார் வந்தார், அவர் மச்சான் வந்தார். பழைய நாகரிகத் தொண்டர்களோ அதற்குள் அலுத்துப்போய், நாய்க்குட்டி தத்தெடுக்கக் கிளம்பிவிட்டிருந்தார்கள். வரிசை இளைத்து இளைத்து ஒருநாள் காணாமலே போயிற்று. ‘உதவி கோரி வருவோர் அறவே இல்லை என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று மேலாளர் தலைமையகத்துக்கு எழுதினார்.

தலைமையகத்திலிருந்து தலைவரே புகைப்படக்காரரோடு நேரில் வந்துவிட்டார். “கடைசிப் பொட்டலத்தை என் கையால கொடுக்கணும். பசிச்ச ஆள் ஒருத்தரைக் கூப்பிடுங்க.”

மேலாளர் மெத்தைக்காரரின் காதைக் கடித்தார். “அண்ணே, ஒரே நிமிஷம். சட்டையைக் கழட்டிட்டு அந்தப் பக்கம் போய் நில்லுங்க.”

“சட்டை இல்லாதவங்களுக்குப் பொட்டலம் கிடையாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? ஆளை விடுங்க.”

மற்றவர்களும் சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் மேலாளரே தலையைக் கலைத்துக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டு வரிசையில் நின்றார். தலைவர் பொட்டலத்தைக் கொடுத்தார், படம் எடுத்தாயிற்று.

“இந்நகரின் கடைசிப் பசியாளருக்கு உணவு வழங்கப்பட்டது. பசி ஒழிந்தது!” என்று அறிவித்தார் தலைவர்.

கைதட்டி முடிந்தால்தான் அன்றைய பொட்டலம். மெத்தைக்காரர் உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினார். கூட்டம் முழுக்கத் தட்டியது.

தலைவர் தொண்டையைச் செருமினார். “பசி ஒழிந்த ஊரில் பசிநீக்க நிலையம் எதற்கு? இன்றோடு மூடுகிறோம். இனிப் பொட்டலம் கிடையாது. சட்டைகளைத் துவைத்து ஒப்படைத்துவிடுங்கள்.”

தன் வேலையும் போயிற்று என்று மேலாளருக்கு அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

வீட்டில் மெத்தைக்காரரின் மனைவி அவர் கையைப் பார்த்தாள். “என்னங்க, வெறுங்கையோட வந்து நிக்கிறீங்க? பிள்ளைங்க பசியோட இருக்குன்னு வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?”

“யார்கிட்ட போய்ச் சொல்றது? ஊர்ல பசியே இல்லைன்னு தலைவர் சொன்னப்போ, எல்லாரையும்விடச் சத்தமா கைதட்டினது நான்தானே.”