மூன்று வழியும் பார்த்தாகிவிட்டது, மாப்பிள்ளை

மதிப்பிற்குரிய தங்கை கணவர், போதகர் மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கு என் வலது முழங்கால் நீங்கலாக அனைவரும் நலம். உங்கள் நலத்தை நான் விசாரிக்கவில்லை. கடவுளே உங்கள் கட்சியில் இருக்கும்போது நான் வேறு எதற்கு?

போன வாரம் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கடவுள் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள வழியா இல்லை, படைப்பைப் பார், வேதத்தைப் படி, உள்ளே மனசாட்சியைக் கேள் என்று விரல் மடக்கிச் சொன்னீர்கள். முப்பத்தைந்து வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். கையில் ஒன்றும் காட்டாமல் "இருக்கு சார், நம்புங்க" என்று சொன்னவர்களை எல்லாம் அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிட்டேன். உங்களை என் தங்கை முகத்துக்காக விட்டேன். "அண்ணே, ஒரு வாரம் பாருங்க. ஒண்ணும் தெரியலைன்னா இந்தப் பேச்சையே விட்டுடறோம். தெரிஞ்சா ஞாயித்துக்கிழமை ஆலயத்துக்கு வரணும்" என்று அவள் கண்ணைக் கசக்கினாள். பதினோரு வருடத் தொல்லை ஒரு வாரத்தில் ஒழியட்டும் என்று தலையாட்டிவிட்டேன்.

முதலில் படைப்பு. விடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து நின்றேன். வானம் எதையும் அறிவிக்கவில்லை, ஒரு புறாதான் என் வழுக்கையில் அறிவித்தது, அதைத் துடைக்க ஒரு அடி பின்னால் வைத்தேன், கால் துணி அலசிய வாளிக்குள் போய்விட்டது, வாளியோடு நாலு படி இறங்கினேன். "வானத்தைப் பார்க்கப் போனீங்களா, வாளியைப் பார்க்கப் போனீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். இந்த முழங்காலைச் செய்தவர் மகா ஞானி என்கிறீர்களே மாப்பிள்ளை, எங்கள் ரயில்வே பணிமனையில் ஒருத்தன் இப்படி ஒரு கீல் செய்திருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார்கள்!

அடுத்தது வேதம். நீங்கள் கொடுத்த புத்தகத்தைத் திறந்தால் இன்னார் இன்னாரைப் பெற்றார், அவர் இன்னாரைப் பெற்றார் என்று இரண்டு பக்கத்துக்குப் பயணிகள் பட்டியல். பெர்த் நம்பர்தான் இல்லை. அப்படியே தூங்கிவிட்டேன், எழுந்தபோது மூக்குக்கண்ணாடி என் அடியில் இரண்டாகக் கிடந்தது. கடவுளே இயேசுவாக நேரில் வந்து தம்மைக் காட்டினார், அவரைப் பார்த்தால் போதும் என்றீர்கள். வந்தவர் நான் வேலையில் இருந்த காலத்தில் வந்திருந்தால் நேரிலேயே விசாரித்திருப்பேன்.

மூன்றாவது, மனசாட்சி. கேட்கவே சிரிப்பு வருகிறது. மனிதனுக்கு அது இருந்திருந்தால் ரயில்வே எனக்கு எதுக்குய்யா சம்பளம் குடுத்தது? கழிவறைக்குள்ள ஒளிஞ்சவன் எத்தனை பேர், என்னைப் பார்த்ததும் குறட்டை விட்டவன் எத்தனை பேர், ஊமைன்னு சைகை காட்டினவன் காலை மிதிச்சதும் கத்தினானே, அவன் மனசாட்சி எந்த ஸ்டேஷன்ல ஏறுச்சு? இருந்தாலும் வாக்குக் கொடுத்தவன் ஆயிற்றே. கதவைச் சாத்தி, நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்து உள்ளே கேட்டேன். வயிறு இரைந்தது. வேறு சத்தமில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் வரப்போவதில்லை. இந்தப் பேச்சு இனி என் வீட்டு வாசல் ஏறக் கூடாது. தங்கைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி. யார் பெயரால் என்பதை நீங்களே போட்டுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: வயிறு என்று எழுதியது பொய். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு பெண் ஞாபகத்துக்கு வந்தாள். இருபது வருடம் இருக்கும். காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "டிக்கெட்டை உங்ககிட்டதானே சார் குடுத்தேன்" என்று அழுதாள். எத்தனை பேரைப் பார்த்தவன் நான் என்று கத்தி, கொட்டும் மழையில் இறக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றினால் அவள் டிக்கெட் அதன் பையில் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். மனைவிக்குத் தெரியாது, ஆபீசுக்குத் தெரியாது. யாருமே பார்க்கவில்லை என்றுதான் இத்தனை வருடம் நிம்மதியாக இருந்தேன். அந்த அறையில் என்னைத் தவிர ஆளில்லை மாப்பிள்ளை, ஆனாலும் யாரோ என்னிடம் டிக்கெட் கேட்டார்கள். இதை ஆதாரம் என்று தங்கையிடம் சொல்லிக் குதிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில், கதவுப் பக்கமாக ஒரு இடம் பிடித்து வையுங்கள். என்னை அவர் இறக்கிவிடுவாரா என்று மட்டும் முன்னாலேயே கேட்டு எழுதவும்.