தாய்மாமன் ஸ்கேன் செய்த கல்யாணம்

மொய் கேட்பது அநாகரிகம் என்று விளாங்குடி சுருளி திடீரென்று கண்டுபிடித்தார். ஊரில் ஒரு விசேஷம் விடாமல் மொய் எழுதியவர் அவர். மகள் சத்யப்ரியாவின் கல்யாணத்தில் அதெல்லாம் திரும்பி வராவிட்டால் மண்டபத்துக்காரருக்குப் பதில் சொல்ல முடியாது. ஆனாலும் வாய்விட்டுக் கேட்கக் கூடாதாம். பெரிய இடங்களில் யாரும் கேட்பதில்லையாம்.

அச்சகத்துக்காரர் வழி சொன்னார். "கேக்கவே வேணாம்ணே. கேக்காத மாதிரிப் போட்ருவோம்."

அவ்வண்ணமே பத்திரிகையின் அடியில் பொன்னெழுத்தில் அச்சானது: 'தங்கள் மேலான வருகையே எமக்குப் பரிசு. வர இயலாதோர் கீழ்க்காணும் கட்டத்தை ஸ்கேன் செய்து வாழ்த்தியருளலாம்.'

நாங்கள் எல்லோரும் பாராட்டினோம். பாராட்டிவிட்டு யோசித்தோம். வந்தவர்கள் பணம் தர வேண்டியதில்லை, வந்ததே பரிசு. பணம் தந்தவர்கள் வர வேண்டியதில்லை, அச்சிலேயே இருக்கிறது. இரண்டையும் செய்வது வீட்டுக்காரரை அவமதிப்பதாகும்.

முகூர்த்தத்தன்று வெறுங்கையோடு வந்து, பரிசுக்குரிய கம்பீரத்துடன் பந்தியில் அமர்ந்தோம். மொய் மேஜையில் மைக் பிடித்தவன் வாசிக்கப் பெயரில்லாமல் கொட்டாவி விட்டான். சுருளியின் போனுக்கு மட்டும் ஒரு தொகை வந்தது. இருபத்தைந்தாயிரம். அவர் முகம் மலர்ந்தது. அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் வாடியது. பெண்ணின் தாய்மாமன் அசோக்குமார். உடனே அவருக்குப் போன் போட்டார்.

"மாப்ள, எங்கடா இருக்க? நீ மாலை போடாம புள்ள எப்படி மேடையேறும்?"

"கொட்டாம்பட்டியிலதான் மச்சான். வராதவுக அனுப்பலாம்னு நீங்கதான போட்டிருக்கீக. அனுப்பிட்டு நேர்லயும் வந்து நின்னா உங்க பத்திரிகைக்கு என்ன மரியாதை?"

"அது மத்தவுகளுக்குடா."

"அப்படிப் போடலையே மச்சான்."

சத்யப்ரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பா, அந்தப் பணத்தத் திருப்பி அனுப்பிருங்க. மாமா கெளம்பி வந்துரும்."

சுருளி மகளைப் பார்த்தார். போனைப் பார்த்தார். பிறகு வீடியோவில் மாமனைக் கூப்பிட்டார். மாமன் திரையில் கை நீட்ட, சுருளியே மாலையைப் போட்டார். பெண் அழுதுகொண்டே மேடையேறினாள். பார்க்கச் சகிக்கவில்லை. நேரில் வரும் பழக்கமே போச்சே என்று பாயசம் குடித்தபடி நாங்கள் வருந்தினோம்.

ஆவணியில் அசோக்குமார் மகளுக்குக் காதுகுத்து. அந்தப் பத்திரிகையில் கட்டம் இல்லை. 'அவசியம் நேரில் வந்து மொய் எழுதவும்' என்று பச்சையாகவே இருந்தது.

"காசையும் கேட்டு, ஆளையும் வரச் சொல்றான் பாருங்க. நாகரிகம் தெரியாத பய" என்றார் சுருளி.

ஒருமனதாக ஆமோதித்தோம். யாரும் போகவில்லை.