தாய்மாமனை அணியில் எடுக்காத தலைவர்

அடுத்தவன் மிதிக்கிற சைக்கிளுக்கு ஆலோசனை சொல்வதைப் போலச் சுகமான வேலை உலகத்தில் வேறெதுவும் இல்லை. கால் வலிக்காது, வியர்க்காது, டீ ஆறுவதற்குள் ஒரு மலையையே ஏறி இறங்கிவிடலாம். எங்கள் ஊரான எருத்தேன்பதியில் இந்த வேலையைப் பல வருடங்களாகச் சம்பளம் வாங்காமல் செய்துவருகிறேன். (உன்னிடம் சைக்கிள் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். கேட்ட எல்லோரையும் முறைத்துத்தான் அனுப்பியிருக்கிறேன்.)

ஐரோப்பாவில் வருடா வருடம் மூன்று வாரம் ஓடுகிற பெரிய சைக்கிள் பந்தயம் ஒன்று உண்டு. அணிக்கு எட்டுப் பேர். அதில் ஒருவன்தான் தலைவன். ஜெயிக்க வேண்டியவன் அவன்; மற்ற ஏழு பேரும் அவனுக்காக உழைக்க வந்தவர்கள். ஒருவன் முன்னால் போய் எதிர்காற்றை மறைப்பான். ஒருவன் தண்ணீர் பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்து கொடுப்பான். தலைவனின் சக்கரம் பழுதானால் இன்னொருவன் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரோட்டோரம் நிற்பான். இதை முதன்முதலில் போனில் பார்த்தபோது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வீட்டுக்கு ஒரே மகனாக வளர்ந்தவனுக்கு இதைவிட நியாயமான விளையாட்டு இருக்க முடியாது.

பந்தயத்தைவிட, அது தொடங்குவதற்கு முந்தைய நாட்கள்தான் எனக்கும் சிவகுமாருக்கும் திருவிழா. சிவகுமார் காலையில் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு நேரே பேக்கரிக்கு வருவான். யார் ஜெயிப்பார்கள், எந்த அணியில் யாரைச் சேர்த்திருக்கிறார்கள், யாரைக் கழற்றிவிட்டார்கள் என்று பன்னைப் பிய்த்துக்கொண்டே சண்டை போடுவோம். அந்த நாட்டுப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் ஒருவனுக்கு நெட்டை, இன்னொருவனுக்குக் குட்டை என்று பெயர் வைத்திருந்தோம். அவன் நெட்டை கட்சி, நான் குட்டை கட்சி. அந்த வருடம் சண்டை முழுவதும் குட்டையின் அணியில் இருந்த ஒரு வயசாளியைப் பற்றித்தான்.

"மலையில மூச்சு வாங்கறான்டா. அந்த எடத்துல ஒரு சின்னப் பையனைப் போட்டா ஆகாதா?" என்றேன்.

"அவன் முன்னால போனாத்தான் மத்த அணிக்காரன் வழி உடறான். அவனை உட்டுட்டுப் போனா உன்ற குட்டையை ஆருடா மதிப்பா?"

"மதிப்பை வெச்சுட்டு மலை ஏற முடியுமா?"

அந்த வாரமே அணி அறிவிப்பு வந்தது. வயசாளியை நீக்கியிருந்தார்கள்! ஐரோப்பாவில் எவனோ என் பேச்சை ஒட்டுக்கேட்டுத்தான் முடிவெடுத்திருக்கிறான் என்று தோன்றியது. பேக்கரியிலிருந்து வீட்டுக்குப் போகும்போது என் நடையே மாறியிருந்தது.

அந்த நடையோடு வீட்டுக்குள் நுழைந்தால், மறையூரிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்திருக்கிறது என்றாள் அம்மா. அவர்கள் பூர்விகமும் எங்கள் பக்கம்தான். பெண்ணின் அப்பா மறையூரில் கரும்பு போட்டு, வெல்லம் காய்ச்சுகிறார். பெண்ணின் பெயர் மஞ்சுளா. போட்டோவைப் பார்த்த மாத்திரத்தில் இந்த இடம் கைவிட்டுப் போகக்கூடாது என்று எனக்குப் பட்டுவிட்டது. போகிற வழி பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு செக்போஸ்ட், அப்புறம் மலை. எனக்கு அது பெண் பார்க்கப் போகிற வழியாகத் தெரியவில்லை. சமவெளியில் தொடங்கி மலையில் முடிகிற பந்தயமாகத் தெரிந்தது.

எனவே அணியைத் தேர்ந்தெடுத்தேன்.

எட்டுப் பேர் என்றேன். "நல்ல காரியத்துக்கு எரட்டைப்படையில போவாங்களாடா?" என்றாள் அம்மா. ஏழு பேர், டிரைவரைச் சேர்த்தால் எட்டு என்று ஒரு சமரசத்துக்கு வந்தேன். தலைவன் நான். அப்பா, அம்மா. அத்தையும் அத்தை வீட்டு மாமாவும் வளைவுகளில் வாந்தி எடுக்காத பரம்பரை, ஆகவே மலை ஏறுபவர்கள். எந்தப் பேச்சையும் கடைசியில் பாய்ந்து முடித்துவைப்பவர் சித்தப்பா. தண்ணீர் பாட்டிலுக்குச் சிவகுமார்.

இதில் விடுபட்டவர் வேலுச்சாமி மாமா. அம்மாவோடு பிறந்த ஒரே அண்ணன், என் தாய்மாமன். ஆனைமலைக் கோவிலுக்குப் போனால்கூடத் தலை சுற்றும் என்று வண்டியில் முன்சீட்டும் எலுமிச்சம்பழமும் கேட்பார். எந்தக் காரியம் பேசினாலும் அவருடைய தாத்தா கிணற்று வழக்கில் ஜெயித்த கதையிலிருந்துதான் தொடங்குவார். இந்த மலைக்கு இவர் ஆகமாட்டார் என்று தீர்மானித்தேன்.

தீர்மானித்ததோடு நிறுத்தியிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். ஐரோப்பாவில் செய்வதைப் போல அணி அறிவிப்புக்கு ஒரு போஸ்டர் தயாரித்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். எல்லோருடைய படமும் வட்டத்துக்குள், கீழே பொறுப்பு. அடியில் 'காத்திருப்பு' என்று எழுதி வேலுச்சாமி மாமாவின் படம். அவர் அணியில் இல்லை என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்று அதை மட்டும் கறுப்பு வெள்ளையில் போட்டிருந்தேன். (உயிரோடு இருக்கிறவர் படத்தை அப்படிப் போடக்கூடாது என்று பிற்பாடு பலர் எனக்கு விளக்கினார்கள்.)

கொஞ்ச நேரத்தில் மாமா குரூப்பை விட்டு வெளியேறினார். மாமாவின் மனைவி போன் செய்தார்.

"சாமி, உங்க மாமா உசுரோடதான் இருக்காரு. இப்பத்தான் ரெண்டாவது தடவை சோறு வாங்கித் தின்னாரு. உனக்குத் தெரியட்டுமேன்னு கூப்பிட்டேன்."

வண்டியில் இடமில்லை அத்தை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. அப்பாவிடமும் அம்மாவிடமும் இருந்தவை பட்டன் போன்கள்; மாமாவையும் நான் அழைத்துவிட்டேன் என்றே நம்பியிருந்தார்கள். சித்தப்பாவோ தன் படத்துக்குக் கீழே 'இறுதிப் பாய்ச்சல்' என்று இருந்ததைப் பார்த்து மயங்கிக் கிடந்தார்.

கோபாலபுரத்தில் மாமா வீட்டுப் பிரிவை வண்டி தாண்டியபோதுதான் அம்மா பதறினாள். "நிறுத்துங்க, நிறுத்துங்க, எங்கண்ணன் ஏறோணும்!"

நான் அணித் தேர்வின் நுணுக்கத்தை எடுத்துச் சொன்னேன். அம்மா மாமாவுக்குப் போன் போட்டாள். போன் அணைத்திருந்தது. ராகு காலம் வருவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று அப்பா சொல்லவே வண்டி நகர்ந்தது. மறையூர் வரை அம்மா அண்ணனின் நம்பரையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டு வந்தாள்.

பெண் வீட்டில் வரவேற்பு பலமாக இருந்தது. தண்ணீர் வந்தது. காபி வந்தது. முறுக்கு இரண்டு தடவை வந்தது. பெண் மட்டும் வரவில்லை. எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பெண்ணின் அப்பா மெல்லக் கேட்டார்.

"மாமனுங்க பொறகால வர்றாங்களா? அவிய வந்தாத்தானுங்க பேச்சை ஆரம்பிக்க முடியும்."

"மாமாவுக்கு மேலுக்குச் சொகமில்லீங்க," என்றேன் நான்.

"மாமா வெளியூர் போயிருக்காருங்க," என்று அதே நொடியில் பாய்ந்தார் சித்தப்பா.

பெண்ணின் தம்பி பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான். சித்தப்பா தன் பெருமையைக் காட்ட அந்தப் போஸ்டரைக் கல்யாணத் தரகருக்கு அனுப்பியிருக்கிறார், தரகர் அதைப் பெண் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். பையன் போஸ்டரின் அடிப்பகுதியை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி எங்களிடம் காட்டினான்.

"இவருங்களா மாமன்? எப்பங்க காலமானாரு?"

"அய்யோ, எங்கண்ணன் நல்லா இருக்காருங்க!" என்று அம்மா அந்தக் கூடத்திலேயே அழ ஆரம்பித்தாள்.

அதன் பிறகு எதையும் மறைக்க முடியவில்லை. சிவகுமார்தான் எல்லாவற்றையும் சொன்னான். நெட்டை, குட்டை, வயசாளி உட்பட. பெண்ணின் அப்பா கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. நாளைக்கு உங்க கொழந்தைக்கு எம்பட பையன்தான தாய்மாமன்? அவனுக்கும் வயசாகும், அவனுக்கும் மலை ஏறுனா தலை சுத்தும். அப்ப அவனையும் இப்படித்தான் போடுவீங்களா?"

மாமனோடு வந்தால் பேசலாம், அதுவும் இந்த மாதத்துக்குள் என்று சொல்லி வெல்லம் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பினார். திரும்பும் வழியில் சின்னாறு தாண்டியதும் அம்மா பேசினாள்.

"பொறந்த ஊடுன்னு எனக்கு மிச்சம் இருக்கறது அவரு ஒருத்தருதான்டா. உனக்குப் பொண்ணு வேற எடத்துலகூடக் கெடைக்கும். நான் அண்ணனுக்கு எங்க போறது?"

சிவகுமாரிடமிருந்து தண்ணீர் பாட்டிலை வாங்கி அம்மாவிடம் நீட்டினேன்.

மறுநாள் நானும் அம்மாவும் மாமா வீட்டுக்குப் போனோம். களத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க, தலைவரே!"

"தெரியாமப் பண்ணிட்டனுங்க மாமா. நீங்க வந்தாத்தானுங்க…"

"எனக்குத்தான் மலை ஏறுனா ஆகாதே மாப்ள. நல்லா எளந்தாரியாப் பார்த்துக் கூட்டிட்டுப் போ."

நான் காலில் விழுந்தேன். காலை நகர்த்திக்கொண்டு அடுத்த தேங்காயை எடுத்தார். அப்போதுதான் கேட்டுக்கு வெளியே, உள்ளே வரத் தயங்கி நின்ற அம்மாவைப் பார்த்தார். கையிலிருந்த தேங்காயைக் கீழே போட்டுவிட்டார்.

"ஏம்மா அங்கியே நிக்கற? உன்ற ஊட்டுக்கு வர்றதுக்கு உன்னைய ஆரு கண்ணு கூப்புடோணும்?"

அம்மா உள்ளே வந்தாள். மறையூருக்கு என்றைக்குக் கிளம்பலாம் என்று மாமா அவளிடம்தான் கேட்டார். என்னை அவர் மன்னித்தாரா என்று அன்று தெரியவில்லை, கேட்கவும் எனக்குத் துணிச்சல் இல்லை.

அந்த வாரமே மறுபடி கிளம்பினோம். இந்தத் தடவை யார் யார், எங்கே உட்கார வேண்டும் என்பதெல்லாம் மாமாவின் தேர்வு. அவர் முன்சீட்டில். நான் கடைசி சீட்டில், தண்ணீர் பாட்டில்களோடும் மாமாவுக்காக வாங்கிய எலுமிச்சம்பழத்தோடும் பிளாஸ்டிக் பையோடும். மலை முழுவதும் மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பையை நான்தான் பயன்படுத்தினேன். மாமா திரும்பிப் பார்த்து, "தலைவருக்குத் தண்ணி குடுங்கப்பா," என்றார். வண்டியே சிரித்தது, அம்மா உட்பட.

மறையூரில் மாமா அவருடைய தாத்தாவின் கிணற்று வழக்கிலிருந்து ஆரம்பித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் பெண்ணின் அப்பாவுக்கும் ஒரு தாத்தா, அவருக்கும் ஒரு வாய்க்கால் வழக்கு. இரண்டு வழக்கும் தீர்ப்பாகி முடிந்தபோது இருவரும் ஒரே தட்டிலிருந்து முறுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சுளா வந்தாள். எங்களைத் தனியே பேச விட்டார்கள்.

"அந்தப் போஸ்டர்ல நீங்கதான் தலைவருங்களா?"

"ஆமாங்க."

"தலைவருக்கு என்னங்க வேலை?"

"மத்தவங்க காத்தை மறைப்பாங்க, தண்ணி கொண்டு வருவாங்க. தலைவர் கடைசியில ஜெயிப்பாருங்க."

"அப்ப வேலைன்னு ஒண்ணும் இல்லீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லீங்க," என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் சம்மதம் இருந்தது. எனக்கு எதிர்காலத்தில் நிறைய வேலை இருக்கிறது என்பதும் அதில் இருந்திருக்க வேண்டும், அன்று கவனிக்கவில்லை.

எங்கள் மகளுக்குக் காது குத்தியபோது எடுத்த படம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மஞ்சுளாவின் தம்பி மடியில் குழந்தை, பக்கத்தில் ஜம்மென்று வேலுச்சாமி மாமா, சுற்றிலும் இரண்டு குடும்பமும். யார் எங்கே நிற்பது என்று ஏற்பாடு செய்தவர் மாமாதான். என் கையில் தேங்காய்க் கூடையைக் கொடுத்து, "தலைவரே, நீங்க இதைப் புடிச்சுட்டு அந்தப் பக்கம் நில்லுங்க, வெயில் கொழந்தை மேல படுது," என்றார். நின்றேன். படத்தின் ஓரத்தில் ஒரு கூடையும் ஒரு முழங்கையும் மட்டும் தெரிகின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரையும் எண்ணிப் பார்த்துவிட்டு, இந்தக் கை யாருடையது என்று கேட்பார்கள்.

"அதுங்களா?" என்பாள் அம்மா. "அதுதானுங்க எங்க தலைவரு."